சி நிரலில் பெயரிலிருந்து முகவரிக்கு: எந்த வழியை எடுப்பது?

கல்லூரி லேப் ரெக்கார்டில் நான் எழுதிய முதல் சாக்கெட் நிரலில் சர்வரின் பெயரை அதன் ஐபி முகவரியாக மாற்றித் தந்தது கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தால் ஹோஸ்ட்என்ட் ஸ்ட்ரக்டுக்கு ஒரு பாயின்டர் வரும், அதிலிருந்து முதல் முகவரியை மெம்காப்பி செய்து கனெக்டுக்குக் கொடுத்தால் போதும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே வரிகளைப் பல நிரல்களில் ஒட்டினேன். அவை எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளை இன்னொருவர் செலவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்று புதிதாகத் தொடங்குபவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. பழைய கெட்ஹோஸ்ட்பைநேம், அதன் தம்பியான கெட்ஹோஸ்ட்பைநேம்_ஆர், யூனிக்ஸ் தரநிலையான போசிக்ஸ் சொல்லும் கெட்அட்ரின்ஃபோ, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி தரும் கெட்அட்ரின்ஃபோ_ஏ, சி-ஏரெஸ் போன்ற தனி லைப்ரரிகள், இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் அமைப்பான டிஎன்எஸ்ஸுக்குக் கேள்வியை நேரடியாக அனுப்பும் ரெஸ்_கொயரி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிரல்களுக்குக் கெட்அட்ரின்ஃபோ போதும். நிரல் எதற்காகவும் நிற்கக்கூடாது என்றால் அதைத் தனி த்ரெட்டில் ஓட்டுங்கள். மற்றவற்றுக்குப் போக உறுதியான காரணம் வேண்டும். உண்மையில் எந்த ஃபங்ஷன் என்பது எளிதான கேள்வி. பதில் வரும்வரை நிரலில் யார் காத்திருப்பது என்பதுதான் கடினமானது.

கோப்பைப் படிப்பதற்காகப் பிறந்தது

கெட்ஹோஸ்ட்பைநேம் 1983 ஆகஸ்டில் வெளியான யூனிக்ஸ் வகையான 4.2 பிஎஸ்டியோடு வந்தது. பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை விவரித்த இணையத் தொழில்நுட்ப ஆவணங்களான ஆர்எஃப்சி 882, 883 இரண்டும் வெளியானது அதே ஆண்டு நவம்பரில். அதாவது இந்த ஃபங்ஷன் உருவானபோது அதன் வேலை, இடிசி டைரக்டரியில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேடுவது மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதன் குறைகள் எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிடும். கோப்பைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அதனால் காலக்கெடு கொடுக்க வழி வைக்கவில்லை, பாதியில் நிறுத்தவும் வழி இல்லை. த்ரெட்கள் அன்று வழக்கத்தில் இல்லை என்பதால் விடையை ஒரே ஒரு ஸ்டாட்டிக் இடத்தில் வைத்தார்கள். பிறகு அதே ஃபங்ஷனுக்குள் உலகம் முழுவதும் கேள்வி அனுப்பும் டிஎன்எஸ் வந்து உட்கார்ந்தது. வெளித்தோற்றம் மட்டும் மாறவே இல்லை.

அந்த ஸ்டாட்டிக் இடம்தான் என்னைக் கடித்தது. அளவீடுகளைச் சேகரித்து அனுப்பும் ஒரு சிறிய கேட்வே நிரல். ஒரு த்ரெட் அளவீடுகளை டேட்டா சர்வருக்கு அனுப்பும், இன்னொன்று அவ்வப்போது நேர சர்வரைத் தேடும். சில நாட்களுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், டேட்டா சர்வருக்கான இணைப்பு மறுக்கப்பட்டதாக லாகில் ஒரு வரி வரும். கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். கடைசியில் கனெக்ட் செய்யும் முகவரியையும் லாகில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அளவீடுகள் நேர சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. முதல் த்ரெட் பாயின்டரை வாங்கிய பிறகு, முகவரியை நகல் எடுப்பதற்குள், இரண்டாவது த்ரெட்டின் அழைப்பு அதே இடத்தில் தன் விடையை எழுதிவிட்டது. ஃபங்ஷனுக்குள் பூட்டு இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் தவறு நடப்பது அது திரும்பிய பிறகு.

இதைத் தீர்க்க வந்ததுதான் கெட்ஹோஸ்ட்பைநேம்_ஆர். விடைக்கான இடத்தை நாமே தர வேண்டும். போதவில்லை என்றால் ஈரேஞ்ச் என்று சொல்லும், பெரிதாக்கிக் கொடுத்து மறுபடி அழைக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. ஜிலிப்சியில் இதற்கு 6 ஆர்க்யுமென்ட்கள், சோலாரிஸில் 5, ஏஐஎக்ஸில் 3. ஒரே பெயரில் மூன்று ஃபங்ஷன்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்காக இஃப்டெஃப் எழுதும் உழைப்பில் பாதிகூட வேண்டாம், கெட்அட்ரின்ஃபோவுக்கு மாறிவிடலாம். இந்த வழியை நான் இதோடு விட்டுவிடுகிறேன்.

இன்னொரு குறை இன்னும் பெரியது: கெட்ஹோஸ்ட்பைநேம் தருவது பழைய வகையான ஐபிவி4 முகவரிகளை மட்டும், புதிய வகையான ஐபிவி6ஐ அல்ல. அது ஒரு காலத்தில் கொள்கை அளவிலான குறையாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. இந்தியாவில் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது. ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கில் டிஎன்எஸ்64 என்ற ஏற்பாடு பழைய சர்வர்களுக்கும் ஒரு ஐபிவி6 முகவரியை உருவாக்கித் தரும். ஆனால் ஐபிவி6 கேட்கவே தெரியாத நிரலுக்கு அதனால் பயனில்லை. ஆப்பிள் 2016 ஜூன் 1 முதல் தன் ஆப் ஸ்டோருக்கு வரும் எல்லாச் செயலிகளும் ஐபிவி6 மட்டும் உள்ள நெட்வொர்க்கில் இயங்க வேண்டும் என்று விதித்தது. அன்றைக்குப் பல குழுக்கள் தங்கள் சி நிரல்களைத் திறந்து இந்த ஃபங்ஷனைத் தேட வேண்டி வந்தது.

போசிக்ஸ் 2001 பதிப்பிலேயே இதைப் பழமையானது என்று குறித்து, 2008 பதிப்பில் நீக்கியும் விட்டது. லைப்ரரிகளில் இன்னும் இருக்கிறது, பழைய நிரல்களுக்காக. புதியதில் எழுத ஒரு காரணமும் இல்லை.

கெட்அட்ரின்ஃபோ: நல்லது, ஆனால் கவனம் கேட்பது

1997இல் ஆர்எஃப்சி 2133இல் வந்து, 2003இல் ஆர்எஃப்சி 3493இல் இன்றைய வடிவத்தை அடைந்தது இது. பெயர், போர்ட் இரண்டையும் சரங்களாகக் கொடுத்து, என்ன வேண்டும் என்பதை ஹின்ட்ஸ் என்ற ஸ்ட்ரக்டில் சொன்னால், கனெக்டுக்கு அப்படியே கொடுக்கக்கூடிய சாக்அட்ர் என்ற முகவரி ஸ்ட்ரக்டுகளின் சங்கிலி ஒன்றைத் தரும். ஒவ்வொரு அழைப்பின் விடையும் தனி நினைவகத்தில் வருகிறது. என் கேட்வேயில் வந்த பிழை இங்கே வரவே முடியாது. நிரலின் மற்றப் பகுதிகள் ஐபிவி4, ஐபிவி6 வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளவே தேவையில்லாமல் எழுதிவிடலாம். இதுதான் எனக்கு அதில் மிகப் பிடித்தது.

ஹின்ட்ஸை முதலில் மெம்செட் செய்து பூஜ்யமாக்குங்கள். அப்புறம் சாக்டைப்பில் சாக்_ஸ்ட்ரீம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் லினக்ஸில் ஒரே முகவரி மூன்று முறை வரும்: ஸ்ட்ரீமுக்கு ஒன்று, டேட்டாகிராமுக்கு ஒன்று, ராவுக்கு ஒன்று. சர்வரில் ஆறு முகவரிகள் இருக்கின்றன என்று நினைத்து ஒருவர் மாலை முழுவதும் குழம்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உண்மையில் இருந்தது இரண்டு.

சங்கிலியின் முதல் கண்ணியை மட்டும் எடுத்துக் கனெக்ட் செய்துவிட்டு நிறுத்திவிடுவது பரவலான தவறு. வரிசை ஆர்எஃப்சி 6724இன் விதிப்படி அடுக்கப்பட்டு வருகிறது. பெரும்பாலும் ஐபிவி6 முன்னால் நிற்கும். அந்தப் பாதை எங்காவது உடைந்திருந்தால் அடுத்ததை முயல வேண்டியது நம் வேலை. சுற்றி வந்து ஒவ்வொன்றாக முயலுங்கள், எல்லாம் தோற்றால்தான் தோல்வி. பயனர் திரை முன்னால் காத்திருக்கும் நிரல் என்றால் ஆர்எஃப்சி 8305 சொல்வதுபோல, முதல் முயற்சி 250 மில்லிவிநாடியில் முடியாவிட்டால் அதைக் கைவிடாமலே அடுத்த முகவரிக்கும் இணைப்பைத் தொடங்கலாம். உலாவிகள் இதைத்தான் செய்கின்றன.

பிழைகளைப் படிக்கும் விதமும் வேறு. எர்நோவைப் பார்க்காதீர்கள், திரும்பி வரும் எண்ணைப் பாருங்கள். அதற்கான வாசகத்தை காய்_எஸ்டிஆர்எரர் தரும். இஏஐ_சிஸ்டம் வந்தால் மட்டும் எர்நோ பொருள் உடையது. இஏஐ_நோநேம் என்றால் அப்படிப் பெயரே இல்லை, மறுபடி கேட்டுப் பயனில்லை. இஏஐ_அகெய்ன் என்றால் இப்போது பதில் கிடைக்கவில்லை, சற்றுப் பொறுத்து முயலலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, நெட்வொர்க் எழும்புவதற்கு முன்னால் தொடங்கிய சேவை "சர்வர் இல்லை" என்று முடிவு செய்து தன்னை நிறுத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

எண்ணாகத் தரப்பட்ட முகவரியிலும் ஒரு குழி இருக்கிறது. 010.0.0.1 என்று கொடுத்தால் லினக்ஸில் கெட்அட்ரின்ஃபோ அதைப் பழைய ஐநெட்_ஏடன் வழக்கப்படி எண்ம (ஆக்டல்) எண்ணாகப் படித்து 8.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும். 127.1 என்றால் 127.0.0.1. அனுமதிப் பட்டியல் போன்ற பாதுகாப்புச் சோதனை செய்யும் இடத்தில் இது ஆபத்து. அங்கே ஐநெட்_பிடன் பயன்படுத்துங்கள், அது இவற்றை ஏற்காது. வேலை முடிந்ததும் ஃப்ரீஅட்ரின்ஃபோ அழைக்க மறக்க வேண்டாம்.

பாதுகாப்பில் இது பழையதைவிட மேலானதா என்று சிலர் கேட்பார்கள். 2015 ஜனவரியில் வெளியான கோஸ்ட் என்ற ஓட்டை கெட்ஹோஸ்ட்பைநேம் குடும்பத்தில் இருந்தது. 2000இல் வந்த ஜிலிப்சி 2.2 முதல் 2.17 வரை அது ஒளிந்திருந்தது. 2016 பிப்ரவரியில் கெட்அட்ரின்ஃபோவிலேயே ஒரு ஓட்டை வெளிவந்தது, பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2015-7547. 2048 பைட் ஸ்டாக் பஃபரை மீறும் டிஎன்எஸ் பதில் அதற்குப் போதும். இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஜிலிப்சியைப் புதுப்பித்தபோது அதைப் பகிர்ந்து பயன்படுத்திய எல்லா நிரல்களும் ஒரே நாளில் காப்பாற்றப்பட்டன. சொந்தமாகவோ ஸ்டாட்டிக்காகவோ இணைத்த நிரல்கள் ஒவ்வொன்றையும் தேடிப் போக வேண்டியிருந்தது.

யார் காத்திருப்பது

கெட்அட்ரின்ஃபோவிலும் காலக்கெடு கொடுக்க இடம் இல்லை. ஜிலிப்சியின் இயல்பான அமைப்பில் ஒரு நேம் சர்வருக்கு 5 விநாடி காத்திருக்கும், இரண்டு முறை முயலும். பதில் தராத ஒரே சர்வர் இருந்தால் 10 விநாடி. மூன்று சர்வர்கள், தேடல் டொமைன்கள் என்று சேர்ந்தால் இன்னும் நீளும். கமாண்ட் லைனில் ஒருமுறை ஓடி முடியும் கருவிக்கு இது பொருட்டே இல்லை. அங்கே நேரடியாக அழைத்துவிடுங்கள், சிக்கலாக்க வேண்டாம். ஆனால் ஒரே லூப்பில் ஆயிரம் இணைப்புகளைக் கவனிக்கும் சர்வரில் ஒரு பெயருக்காக அத்தனை பேரும் 10 விநாடி உறைந்து நிற்பார்கள்.

அலாரம் சிக்னல் வைத்துப் பாதியில் வெட்டி வெளியே குதிக்கும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. வேண்டவே வேண்டாம். இணையத் தரவு பரிமாற்றத்துக்கான கர்ல் லைப்ரரியின் ஒத்திசைவான ரிசால்வரில், அதாவது பெயரைத் தேடும் பகுதியில், இந்த வழி இருந்தது. பல த்ரெட்கள் சேர்ந்தால் அது தவறாகப் போகும் என்பது 2023இல் சிவிஇ-2023-28320 ஆக வெளிவந்தது. அவ்வளவு கவனமாக எழுதுபவர்களுக்கே அப்படி என்றால், நாம் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

கர்ல் பெரும்பாலான இடங்களில் இயல்பாகச் செய்வது தனி த்ரெட். நான் பரிந்துரைப்பதும் அதுதான். ஒரு த்ரெட்டை எழுப்பி அதில் கெட்அட்ரின்ஃபோவை அழைத்து, முடிந்ததும் பைப் வழியாகவோ ஈவென்ட்எஃப்டி வழியாகவோ முதன்மை லூப்புக்குச் சொல்லச் செய்யுங்கள். பொறுமை தீர்ந்தால் முதன்மை லூப் விடையை எதிர்பார்ப்பதை மட்டும் விடும், த்ரெட்டைக் கொல்லாது. பித்ரெட்_கேன்சல் கொண்டு நடுவில் நிறுத்தினால் உள்ளே எடுத்த நினைவகத்தை யாரும் விடுவிக்கப் போவதில்லை. இருவருக்கும் பொதுவான தரவுக்கு ஒரு எண்ணிக்கை வைத்து, கடைசியில் வெளியேறுபவர் அதை விடுவிக்கும்படி எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே சரியாக வைத்துவிட்டால் மற்றது எளிது.

த்ரெட் பூல் வைப்பவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். நோட் ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிப்யூவி, கெட்அட்ரின்ஃபோவைத் தன் பூலில்தான் ஓட்டுகிறது, அதில் இயல்பாக 4 த்ரெட்கள். கோப்பு வேலைகளும் அதே பூலில். டிஎன்எஸ் மந்தமானால் கோப்பு படிப்பதும் மந்தமாகும், காரணம் தெரியாமல் தேடுவீர்கள். பெயர்த் தேடலுக்குத் தனிப் பூல் வைப்பது நல்லது.

கெட்அட்ரின்ஃபோ_ஏ பெயரளவில் இதே வேலையைத் தயாராகத் தருகிறது. உள்ளே அதுவும் த்ரெட்களைத்தான் பயன்படுத்துகிறது, ஜிலிப்சிக்கு வெளியே கிடைக்காது, முடிந்ததைச் சிக்னல் வழியாகவோ புதிய த்ரெட் வழியாகவோ சொல்வதால் பல சாக்கெட்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் ஈபோல் லூப்போடு இணைப்பதும் இடைஞ்சல். ஒரு பட்டியல் பெயர்களை ஒரே நேரத்தில் தேடி முடிக்கும் சிறிய லினக்ஸ் கருவிக்குப் பொருந்தும்.

சி-ஏரெஸ் உண்மையிலேயே வேறு வகை. எம்ஐடியில் கிரெக் ஹட்சன் எழுதிய ஏரெஸ்ஸிலிருந்து டேனியல் ஸ்டென்பெர்க் பிரித்தெடுத்து வளர்த்தது. இது டிஎன்எஸ் பாக்கெட்டைத் தானே உருவாக்கி, தன் சாக்கெட்களை உங்கள் லூப்பிடம் கொடுத்து, பதில் வந்ததும் கால்பேக்கை அழைக்கும். காலக்கெடுவை நீங்கள் வைக்கலாம், நடுவில் நிறுத்தலாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களைத் தேடும் கிராலர், லாகில் உள்ள எல்லா முகவரிகளுக்கும் பெயர் கண்டுபிடிக்கும் கருவி, மெயில் சர்வர் இவற்றுக்கு த்ரெட் வழி தாங்காது, அங்கே சி-ஏரெஸ்தான். பதில் போலியல்ல என்று கையொப்பம் கொண்டு பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பும் உள்ளேயே வேண்டும் என்றால் லிப்அன்பவுண்டைப் பாருங்கள். விலை என்னவென்றால், இன்னொரு பாக்கெட் பார்சர் உங்கள் நிரலுக்குள் வருகிறது, அதைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு. 2016இல் சி-ஏரெஸ்ஸில் ஒரே ஒரு பைட் எல்லை மீறிய பிழை, சிவிஇ-2016-5180, பெரிய தாக்குதலின் முதல் படியாக ஆனது. இதைப் படித்த பிறகுதான் டிஎன்எஸ் பாக்கெட்டை நானே பிரிக்கும் ஆசையை முழுவதுமாக விட்டேன்.

பெயர்த் தேடல் வேறு, டிஎன்எஸ் வேறு

சி-ஏரெஸ்ஸுக்கு மாறுவதற்கு முன் இதை யோசித்தே ஆக வேண்டும். கெட்அட்ரின்ஃபோ கேட்பது டிஎன்எஸ்ஸிடம் அல்ல, இயந்திரத்திடம். லினக்ஸில் என்எஸ்ஸ்விட்ச் கோப்பு சொல்லும் வரிசையில் அது போகும்: முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகு அக்கம்பக்க இயந்திரங்களுக்கான எம்டிஎன்எஸ், சிஸ்டம்டி ரிசால்வ்டு, டிஎன்எஸ் என்று. அந்த இயந்திரத்தை நிர்வகிப்பவர் எடுத்த முடிவு அது. சி-ஏரெஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிக்கும், நேம் சர்வர்களைத் தெரிந்துகொள்ளும், ஆனால் அந்த வரிசையில் உள்ள எம்டிஎன்எஸ் போன்ற மாட்யூல்களை அழைக்காது. விளைவாக "டெர்மினலில் பிங் போகிறது, உங்கள் நிரலில் மட்டும் பிரிண்டர் கிடைக்கவில்லை" என்று பயனர் சொல்வார். பயனர் வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடும் நிரலுக்கு இது ஒன்றே கெட்அட்ரின்ஃபோவில் நிற்கப் போதுமான காரணம். நம் கட்டுப்பாட்டில் உள்ள சர்வரில் ஓடும் நிரலுக்கு இந்தக் கவலை குறைவு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கெட்அட்ரின்ஃபோ முகவரியைத் தரும், அது எவ்வளவு நேரம் செல்லும் என்ற டிடிஎல்லைத் தராது. அதனால் அதன் மேல் சொந்தமாக கேச் கட்டாதீர்கள். எத்தனை நேரம் வைத்திருப்பது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த வேலையை இயந்திரத்திலேயே ஓடும் ரிசால்வரிடம் விடுங்கள். டிஎன்எஸ்ஸின் பிற வகைப் பதிவுகளான எம்எக்ஸ், எஸ்ஆர்வி, டிஎக்ஸ்டி இவையும் அதன் வழியாகக் கிடைக்காது. அவை வேண்டுமென்றால்தான் ரெஸ்_என்கொயரி (ரெஸ்_கொயரியின் த்ரெட்களுக்கு ஏற்ற வடிவம்) அல்லது சி-ஏரெஸ்.

எந்த லைப்ரரியின் மேல் ஓடுகிறது என்பதும் கணக்கில் வரும். ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் சி லைப்ரரியான மஸ்ல், என்எஸ்ஸ்விட்ச்சைப் பார்ப்பதில்லை, எல்லா நேம் சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்கும். 2023இல் வந்த 1.2.4க்கு முன்பு அது டிஎன்எஸ்ஸுக்கு டிசிபியையே பயன்படுத்தவில்லை, அதனால் பெரிய பதில்கள் வெட்டுப்பட்டே வந்தன. ஜிலிப்சியை ஸ்டாட்டிக்காக இணைத்தால், ஓடும் இடத்திலும் அதே பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும் என்று லிங்கர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெடிஸில் இயல்பாக என்டாட்ஸ் 5 என்பதால், ஐந்துக்கும் குறைவான புள்ளிகள் உள்ள வெளி உலகப் பெயர்கூட முதலில் உள்ளூர் டொமைன்களை ஒட்டித் தேடப்பட்டுத் தோற்ற பிறகே சரியாகக் கேட்கப்படும். முழுப் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் அந்தச் சுற்று நின்றுவிடும்.

முகவரியிலிருந்து பெயருக்குப் போகும் திசையில் ஒப்பிட அதிகம் இல்லை. கெட்ஹோஸ்ட்பைஅட்ரை விட்டுவிட்டு கெட்நேம்இன்ஃபோவை எடுங்கள். லாகில் எழுத முகவரி மட்டும் போதும் என்றால் என்ஐ_நியூமெரிக்ஹோஸ்ட் கொடியைக் கட்டாயம் கொடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு லாக் வரிக்கும் ஒரு டிஎன்எஸ் கேள்வி போகும். திரும்பி வரும் பெயரை அனுமதி கொடுக்கப் பயன்படுத்த வேண்டாம். அந்த முகவரிக்கு உரியவர் முகவரிக்குப் பெயர் சொல்லும் தன் பிடிஆர் பதிவில் என்ன பெயரையும் எழுதலாம். பெயரை மறுபடி முகவரியாக மாற்றி ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அதற்கு ஏதாவது மதிப்பு.

முடிவு எடுத்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். வேலைக்கு ஆகாத ஒரு விர்ச்சுவல் மெஷினில், ரிசால்வ் கோப்பில் நேம் சர்வராக 192.0.2.1 மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டுகளுக்காக ஒதுக்கப்பட்ட முகவரி அது, பதில் சொல்ல யாரும் இல்லை. என்எஸ்ஸ்விட்ச்சின் ஹோஸ்ட்ஸ் வரியில் ஃபைல்ஸ், டிஎன்எஸ் இரண்டை மட்டும் விடுங்கள். இப்போது உங்கள் நிரலை ஓட்டி, ஏற்கனவே இணைந்திருக்கும் ஒரு க்ளையன்டிலிருந்து ஏதாவது கேளுங்கள். பதில் உடனே வந்தால் காத்திருப்பதைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். 10 விநாடி கழித்து வந்தால், நிரலில் எங்கோ ஒரு பெயர்த் தேடல் முதன்மை த்ரெட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஜிடிபி டிபக்கரை இணைத்து ஸ்டாக்கைப் பாருங்கள், அந்த வரி அங்கேயே தெரியும்.